ஆவாவுக்குத் தகப்பன் தேடும் ஊர்

யாழ்ப்பாணத்தில் ஒரு கும்பல் இரவில் வந்து, ஒரு வீட்டின் கேற்றை உடைத்து, யன்னல் கண்ணாடிகளை நொருக்கி, முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் ஊற்றி எரித்துவிட்டுப் போனால், விடிந்ததும் அந்த ஒழுங்கையில் மூன்று விதமான பேச்சுக் கேட்கும். "உது ஆமியின்ர வேலை" என்பார் ஒருவர். "வெளிநாட்டுக் காசு விளையாடுது" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்: "அவங்கள் இருந்திருந்தா உவங்கள் வாள் தூக்குவாங்களோ?" வெட்ட வந்தவன் யார், அவன் வீடு எந்தப் பக்கம் என்ற பேச்சு மட்டும் எழாது. அநேகமாக அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நான் வலிகாமத்தில் கிராம சேவகராக இருந்து ஓய்வுபெற்றவள். வாக்காளர் இடாப்பு, வெள்ள நிவாரணம், எல்லைச் சண்டை, வதிவிடக் கடிதம் என்று ஊரின் கடதாசியெல்லாம் என் மேசையைக் கடந்துதான் போகும். வாள்வெட்டு வழக்கில் ஒரு பெடியன் விளக்கமறியலுக்குப் போனாலும் அப்படித்தான். அவனுக்குப் பிணை நிற்க வருகிறவர்கள் இந்த ஊரில்தான் குடியிருக்கிறார்கள் என்று கிராம சேவகர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால், கறுப்புத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு இலக்கத்தகடு இல்லாத மோட்டார் சைக்கிள்களில் திரிகிறவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அவர்களுடைய தாய்மார்தான். கந்தோர் பூட்டுகிற நேரம் பார்த்து, வேறு ஆட்கள் இல்லாதபோது வருவார்கள். "நல்ல பெடியன் மிஸ், சேர்ந்த கூட்டம் சரியில்லை" என்பார்கள். ஒரே கூட்டத்துப் பெடியன்களின் தாய்மார் எல்லாரும் இதையே சொன்னால், அந்தக் கூட்டத்தில் சரியில்லாதவன் யார் என்று கேட்கத் தோன்றும். வாய் வராது.

வறுமைதான் இதற்குக் காரணம் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எனக்கு அது பாதிதான் ஒத்துவருகிறது. தகப்பன் காணாமற்போன வீட்டுப் பெடியனும் இருந்தான், தகப்பன் குடித்தே அழிந்த வீட்டுப் பெடியனும் இருந்தான். மேல்மாடி கட்டிய வீட்டில், தாய் தகப்பன் வெளிநாட்டில் இருக்க, அம்மம்மாவோடு வளர்ந்து, கேட்ட போனும் கேட்ட மோட்டார் சைக்கிளும் கிடைத்த பெடியனும் அதே மோட்டார் சைக்கிள் வரிசையில்தான் போனான். வாளால் பிறந்தநாள் கேக் வெட்டி அதை வீடியோவாகப் போடுவதற்குப் பசி தேவையில்லை. பார்ப்பதற்கு ஆட்கள் இருந்தால் போதும்.

ஆமியின் வேலை என்று சொல்கிறவர்களை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. இந்த மண்ணில் பெடியன்களின் கையில் ஆயுதத்தைக் கொடுத்துத் தங்கள் வேலையைச் செய்வித்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். 1989இல் இந்திய அமைதிப்படை திரும்பிப் போகிற காலத்தில், படிக்கிற பிள்ளைகளை வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போய்த் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று துவக்குக் கொடுத்தார்கள். 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பயம் நாடு முழுக்கப் பரவியபோது, நாவாந்துறைச் சனம் மர்ம மனிதர்களைத் துரத்திக்கொண்டு போனது. அவர்கள் படையினரின் பக்கம் ஓடி மறைந்தார்கள் என்று சனம் சொன்னது. அன்றிரவே படையினரும் பொலிஸாரும் வீடு வீடாகப் புகுந்து நூறு பேரளவில் ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். பூதம் யாரென்று இன்றுவரை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில், காரைநகருக்குப் போய்த் திரும்பிய ஒரு இளம் குடும்பஸ்தரைப் பொன்னாலைக் கடற்படை முகாமடியில் வைத்து ஒரு கும்பல் கடத்திக்கொண்டு போய் வெட்டிக் கொன்றது. உயிர் தப்ப முகாமுக்குள் ஓடியவரை உள்ளே இருந்தவர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். சந்திக்குச் சந்தி முகாம் இருக்கிற ஊரில் வாளோடு எப்படி ஓடித் தப்புகிறார்கள் என்று கேட்பது மடைத்தனம் அல்ல. அது கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு மேலே ஒரு அமைச்சரே எங்கள் ஒழுங்கைப் பேச்சுக்கு முத்திரை குத்திவிட்டுப் போனார். 2016 நவம்பரில் அமைச்சரவைப் பேச்சாளராக இருந்த ராஜித சேனாரத்ன, ஆவா குழு என்ற வாள்வெட்டுக் கும்பலை உருவாக்கியது முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்சதான் என்றும், அதற்குப் பின்னால் இராணுவ அதிகாரி ஒருவர் இருந்தார் என்றும் பகிரங்கமாகச் சொன்னார். கோத்தபாய மறுத்தார். ஒரு நாட்டின் அமைச்சரவைப் பேச்சாளர் அப்படிச் சொன்னால், அடுத்த கிழமையே வாக்குமூலம் எடுத்திருக்க வேண்டும். அதற்காக எந்த இராணுவ அதிகாரியும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. ஏறியவர்கள் எங்கள் பெடியன்கள். பயங்கரவாத விசாரணைப் பிரிவு அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த வருடம் ஜூலையில் கொக்குவிலில் பொலிஸார் இருவர் வெட்டப்பட்டபோது கதை மறுபக்கம் திரும்பியது. முன்னாள் புலி உறுப்பினர்களின் தொடர்பு என்று பொலிஸ் தரப்பில் பேசினார்கள். அமைச்சர் பேசினால் ஆவா இராணுவத்தின் பிள்ளை, பொலிஸ் பேசினால் புலியின் பிள்ளை. யாருக்கு எந்தத் தகப்பன் வசதியோ அந்தத் தகப்பன்.

நாங்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. அமைச்சர் அப்படிப் பேசுவதற்கு முந்திய இரண்டு கிழமையை நினைத்துப் பாருங்கள். 2016 ஒக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர், பொலிஸ் சுட்டதில் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். உடற்கூற்றுப் பரிசோதனையில் சூட்டுக்காயம் தெரிந்த பிறகுதான் ஐந்து பொலிஸார் கைதானார்கள். ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்பு ஆற முதலே சுன்னாகத்தில் சிவில் உடையில் நின்ற பொலிஸார் இருவருக்கு வாள்வெட்டு விழுந்தது. ஆவா என்ற பெயரில் துண்டுப்பிரசுரம் வந்து, வெட்டியது நாங்கள்தான் என்று உரிமை கோரியது. அன்று சந்தையிலும் கந்தோரிலும் எத்தனை முகங்களில் ஒரு சின்னத் திருப்தியைக் கண்டேன்! வாய் திறந்து நல்லது என்று சொன்னவர்கள் குறைவு. பிழை என்று சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. அந்தத் துண்டுப்பிரசுரத்தை எழுதியவன், யாராக இருந்தாலும், எங்கள் மனதை நன்றாக வாசித்தவன். அதுவரை கூலிக்குக் கண்ணாடி உடைக்கிறவர்கள் என்று அறியப்பட்ட பெயர், ஒரே இரவில் அநியாயத்தைத் தட்டிக் கேட்கிற பெயராக மாறிவிட்டது. அரசியல் தொடர்பு என்றால் எனக்கு முதலில் தெரிவது இதுதான். அந்தப் பெயருக்கு நாங்கள் வாயைத் திறக்காமல் ஆதரவு கொடுத்தோம். அதே வாள்கள் கோண்டாவிலிலும் இணுவிலிலும் மானிப்பாயிலும் தமிழ் வீடுகளின் படலையைத்தான் வெட்டின.

கை தட்டுவது எங்களுக்குப் பழக்கமான வேலை. எழுபதுகளில், மேடையில் நின்ற தலைவர்களின் நெற்றியில் பெடியன்கள் விரலைக் கீறி இரத்தத் திலகம் வைத்தபோது தலைவர்கள் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கோயில் வாசலில் சுடப்பட்டபோது, சட்டம் படித்த பெரிய மனிதர்கள் எத்தனை பேர் அதைக் கொலை என்று சொன்னார்கள்? இயக்கங்களையும் வாள்வெட்டுக் கும்பலையும் ஒரே தராசில் வைக்கிறாள் என்று யாரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஒரு கொள்கைக்காகச் செத்தவனும், ஒரு காணித் தகராறுக்காக அடுத்த வீட்டுக்காரனை வெட்டப் போனவனும் ஒன்றல்ல. நான் பேசுவது கை தட்டிய பெரியவர்களைப் பற்றி. தங்களால் செய்ய முடியாததை இளையவன் செய்யட்டும் என்று படலைக்குள் நின்று பார்த்துவிட்டு, விளைவு வீட்டுக்குள் வந்ததும் யார் இவனைக் கெடுத்தது என்று கேட்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் காசு என்ற பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதை நீட்ட வேண்டியதில்லை. சீதனக் கோபம், காதல் கோபம், எல்லை மதில் கோபம் ஆகியவற்றைச் சுவிஸிலோ கனடாவிலோ இருந்து போன் போட்டு இங்கே தீர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் காசு அனுப்பியவனுக்குக் கொக்குவில் ஒழுங்கை தெரியாது. வழி காட்டியவன் இங்கே இருப்பவன்.

"அவங்கள் இருந்திருந்தா" என்ற பேச்சு ஒருமுறை மேடையே ஏறியது. 2018 ஜூனில் சுழிபுரத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டு ஊரே பதறிக்கொண்டிருந்த நேரம். ஜூலை 2ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்தில், அரச நிகழ்வொன்றில், இராஜாங்க அமைச்சராக இருந்த விஜயகலா மகேஸ்வரன், விடுதலைப் புலிகள் மீண்டும் உருவாக வேண்டும் என்ற கருத்தில் பேசினார். கொழும்பு கொந்தளித்தது, சில நாட்களில் அவர் பதவியை விட்டார். கொழும்புக்கு அது பிரிவினைப் பேச்சாகக் கேட்டது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது பொலிஸைப் பற்றிய முறைப்பாடாகக் கேட்டது. இரண்டு பக்கமும் தங்களுக்குத் தேவையானதைக் கேட்டார்கள். நான் கேட்க விரும்பியதை யாரும் கேட்கவில்லை: பொலிஸைக் கையில் வைத்திருக்கும் அதே அரசின் அமைச்சரல்லவா நீங்கள்? பொலிஸை வேலை செய்விக்க முடியாத அமைச்சர், இல்லாதவர்களைக் கூப்பிட்டால் அது யாருக்கு விடப்பட்ட சவால்?

புலிகள் இருந்த காலத்தில் நகையோடு இரவில் தனியே நடக்கலாம் என்கிறார்கள். நடந்தேன். எண்பதுகளில் கள்ளன் என்று அட்டை மாட்டி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டு விட்ட உடலைக் கடந்தும் நடந்தேன். அவன் கள்ளன்தானா என்று விசாரித்த நீதிமன்றம் எது? வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்ததை மறந்துவிட்டு, பயமில்லாமல் வாழ்ந்தோம் என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை.

இன்று மின்கம்பத்துக்குப் பதிலாக விசேட அதிரடிப் படையைக் கேட்கிறோம். "நாலு பேரைச் சுட்டுப் போட்டா மற்றவன் அடங்குவான்" என்று ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரே சொன்னதைக் கேட்டேன். 2019 ஜூலையில் மானிப்பாய்ப் பக்கம் மோட்டார் சைக்கிள்களில் வந்த குழுவொன்றின் மீது பொலிஸ் சுட்டு ஒரு இளைஞன் இறந்தான். வாள்வெட்டு நிற்கவில்லை. 2023 நவம்பரில் களவுக் குற்றச்சாட்டில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் பிடித்த ஒரு இளைஞன் சித்திரவதைக்குப் பிறகு இறந்தபோது அதே ஊர் தெருவுக்கு வந்து நீதி கேட்டது. சரியாகத்தான் கேட்டது. ஆனால் யாரைச் சுடலாம், யாரை அடிக்கலாம் என்ற பட்டியலை நாங்கள் எழுதிக் கொடுத்தால் பொலிஸ் அந்த ஒழுங்கில் அடிக்கப் போவதில்லை. 1979 ஜூலையில், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த அதே மாதத்தில், பண்ணைப் பாலத்தடியில் இளைஞர் இருவரின் உடல்கள் கிடந்தன. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அன்று தொடக்கம் அந்தச் சட்டத்தை நீக்கு என்று நாங்கள் கேட்டு வருகிறோம். ஆவாப் பெடியன்களை அதே பயங்கரவாத விசாரணைப் பிரிவு கொண்டுபோனபோது எத்தனை பேர் வாய் திறந்தோம்? தொலையட்டும் என்றுதான் ஊர் இருந்தது. வாளால் வெட்டியவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது, மல்லாகத்தில் நீதிமன்றமும் இருக்கிறது.

நீதிமன்றத்தில் வழக்கு ஏன் நிற்பதில்லை என்றால், சாட்சி இல்லை. கடைக்காரரிடம் பொலிஸ் கேட்டால் கமரா அன்றைக்கென்று வேலை செய்யவில்லை. முறைப்பாடு கொடுத்தவரின் பெயர் பின்னேரத்துக்குள் முறைப்பாடு செய்யப்பட்டவனின் காதுக்குப் போய்விடும். எப்படிப் போகிறது என்பது பொலிஸ் நிலையத்துக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இலேயே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அந்தச் சட்டத்தை நம்பி வாக்குமூலம் கொடுத்த ஒருவரையும் என் பிரிவில் நான் காணவில்லை. ஆகவே கமரா வேலை செய்யாத கடைக்காரரை நான் கோபிக்கவும் இல்லை.

நான் கோபிப்பது வேறு ஆட்களை.

2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் புது முறையில் நடந்தது. வட்டாரத்துக்கு ஒரு வேட்பாளர். முன்பு சபை முழுக்கச் சேர்த்து எண்ணிய வாக்கை இப்போது வட்டாரம் வட்டாரமாக எண்ணுவார்கள், நூறு இருநூறு வாக்கில் ஒரு வட்டாரம் கவிழும். அப்படியானால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் தன் ஆள் ஒருவன் வேண்டும். இரவில் சுவரொட்டி ஒட்ட, மற்றவன் ஒட்டியதைக் கிழிக்க, வேட்பாளருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஊர்வலம் போக, எதிராளி வீட்டு வாசலில் சும்மா பத்து நிமிடம் நின்றுவிட்டு வர ஆட்கள் வேண்டும். படித்து உத்தியோகம் பார்க்கிற பெடியன் இதற்கு வரமாட்டான். வருகிறவன் யார் என்று உங்களுக்கும் தெரியும். விளையாட்டுக் கழகத்துக்குப் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஜேர்சியும் கதிரையும் வாங்கிக் கொடுத்தால் ஒரு கூட்டமே வரும். கழகங்கள் எல்லாம் கும்பல் என்று சொல்லவில்லை. இரத்ததானம் செய்கிற, பிள்ளைகளுக்கு ரியூசன் வைக்கிற கழகங்களும் என் பிரிவில் இருந்தன. அவற்றுக்கு நிதி கேட்டு அலைவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் கண்டேன்.

தேர்தல் முடிந்து வெகு காலமாகவில்லை. பெடியன் ஒருவன் வெட்டு வழக்கில் உள்ளே போனான். தாய் என்னிடம் வருவதற்கு முன்பே எனக்குப் போன் வந்தது. உறுப்பினர் ஒருவர். "மிஸ், அவன் எங்கட பெடியன். பிணைக் கடிதத்தை இண்டைக்கே குடுத்து விடுங்கோ." இந்த ஊரில் குடியிருக்கிற எவருக்கும் கடிதம் கிடைக்கும், அதற்குப் போன் தேவையில்லை என்றேன். அவர் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் போன் எடுத்திருப்பார். அங்கே என்ன பதில் கிடைத்தது என்பதை, வழக்குப் பத்திரத்தில் வாள் எப்படிப் பொல்லாக மாறியது என்பதிலிருந்து ஊகித்துக்கொண்டோம். எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். சொல்லிப் பயனில்லை. அதற்குப் பிறகு வேறொரு கட்சிக்காரரும் வேறொரு பெடியனுக்காக எடுத்தார். தமிழ்த் தேசியம் பேசுகிறவருக்கும் கொழும்புக் கட்சிக்காரருக்கும் அந்தப் போனில் குரல் ஒன்றுதான்.

கோத்தபாய உருவாக்கினாரா என்ற கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு விடை உண்டு. இந்த உறுப்பினர் ஏன் போன் எடுத்தார் என்று அவரிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை. முதலாவதைக் கேட்பதால் ஒன்றும் வராது; கொழும்பு கேட்காது, நாங்களும் வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதைக் கேட்டால் அடுத்த நாள் சந்தையில் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். மேலே இருக்கிற அரசியல் தொடர்பைப் பற்றிப் பேசப் பேச, பக்கத்தில் இருக்கிற அரசியல் தொடர்பு பாதுகாப்பாக வளர்கிறது. அந்தப் பெடியன் வாளைத் தூக்குவதற்கு இராணுவ அதிகாரி யாரும் தேவையில்லை. பிடிபட்டால் எடுத்துவிட ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே போதும்.

2024 நவம்பரில் யாழ்ப்பாணம் யாரும் எதிர்பாராததைச் செய்தது. ஆறு ஆசனத்தில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. பழையவர்களின் மேல் உள்ள வெறுப்பு அது என்றார்கள். இருக்கலாம். தேசிய மக்கள் சக்தியின் அரசிடம் கேட்க வேண்டியது எளிது. 2016இல் அமைச்சரவைப் பேச்சாளர் சொன்னது பொய் என்றால் பொய் என்று எழுத்தில் சொல்லுங்கள். உண்மை என்றால் அந்த அதிகாரி யார் என்று நீதிமன்றத்தில் சொல்லுங்கள். கோப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன.

எங்களிடம் இருக்கிற கோப்பு வேறு. வடக்கில் மாகாண சபைத் தேர்தல் 2013க்குப் பிறகு நடக்கவில்லை, என்றாவது நடக்கும். அன்று உங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வேட்பாளர் வருவார், கும்பிடுவார். துண்டுப்பிரசுரத்தை வாங்க முதல் அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் நிற்கிறவர்களைப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் கண்ணாடி உடைத்தவன் அதில் நின்றால், அவன் பெயரை வேட்பாளருக்கு முன்னாலேயே சொல்லிக் கேளுங்கள்: இவன் நாளைக்குப் பிடிபட்டால் நீங்கள் போன் எடுப்பீர்களா?